மடுவத்தில் படித்த ‘லுக் ஆஃப்டர்’

போன மாதம் இரத்தினபுரியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டங்களில் பிள்ளை மடுவம் நடத்தப்போகிற புதுப் பெண்கள் வந்திருந்தார்கள். மடுவம் என்று நான் சொன்னதும் அவர்களுக்குச் சிரிப்பு. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற அதே இடம்தான். பெயர் நீண்டதே தவிர, கூரை ஒழுகுவது நின்றதாகத் தெரியவில்லை.

அங்கே மூன்று மொழியிலும் அச்சடித்த புதுப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். பிள்ளையை வீட்டில் யார் ‘லுக் ஆஃப்டர்’ பண்ணுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்த இடத்தில், தமிழில் ‘பராமரிப்பாளர்’ என்று போட்டிருந்தது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ரோட்டைப் பராமரிப்பார்கள், ஜெனரேட்டரைப் பராமரிப்பார்கள். பிள்ளையையுமா?

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள். “டீச்சர், லுக் ஆஃப்டர்னா சரியா என்னாங்க? நீங்க முப்பத்தி நாலு வருசம் செஞ்ச வேலைதானே, நீங்களே சொல்லுங்க.”

ஏதோ சொன்னேன். கை தட்டினார்கள். திரும்பித் தெஹியோவிட்டவுக்கு வரும் பஸ்ஸில், கேட்ட பிள்ளைக்குப் பாதிதான் சொன்னேன் என்று மனசு குத்திக்கொண்டே வந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் தெஹியோவிட்டவுக்கு மேலே, ரப்பர் மலை. பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் பாஸான பிள்ளை அந்த வருடம் எங்கள் லய வரிசை வீடுகளில் நான் ஒருத்திதான். அந்த ஒரு காரணத்துக்காகவே மடுவத்து வேலை எனக்குக் கிடைத்தது. பயிற்சி மூன்று மாதம். பிளாஸ்டிக் பொம்மையைக் குளிப்பாட்டினோம், நிறை பார்த்து அட்டையில் புள்ளி வைத்தோம், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சீனியும் கரைத்தோம். அந்தப் பொம்மை ஒரு நாளும் அழுததில்லை. அதனால் உருப்படியாக ஒன்றையும் நான் அங்கே படிக்கவில்லை.

படித்ததெல்லாம் ஷீலா மிஸ்ஸிடம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் மடுவங்களுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. சிங்கள அம்மா. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையை ஊன்றிக்கொண்டு மலை ஏறி வருவார். செருப்பை வாசலில் கழற்றுவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து பிள்ளையின் உச்சந்தலையை மோந்து பார்ப்பார். பிள்ளை குளித்ததா, காய்ச்சல் வரப்போகிறதா, ராத்திரி தாயோடு படுத்ததா என்பது வரைக்கும் அந்த மோப்பத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். தமிழை அவர் மடுவத்துப் பிள்ளைகளிடம் படித்தவர். ஆகவே மீசை நரைத்த கங்காணியைக் கண்டாலும் “மம்மு சாப்ட்டாச்சா?” என்றுதான் விசாரிப்பார். கங்காணியும் “ஆச்சுங்க மிஸ்” என்று மரியாதையாகப் பதில் சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் பிறகு என்று படித்திருந்தேன். இரண்டையும் ஒட்டினால் பிறகு பார்க்கலாம் என்றுதானே வர வேண்டும்? தோட்டத்து ஆபீசில் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் கிடைக்கும் என்பதால், எனக்கு அது பொருத்தமாகவும் பட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வாசலில் நின்று பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மிஸ் வந்து நின்றது தெரியாது.

“யோகா, யூ ஆர் லுக்கிங் அட் தெம். லுக் ஆஃப்டர் தெம்.”

விழித்தேன். அவர் தன் மழலைத் தமிழில் விளக்கினார். “லுக் அட், கண்ணு போதும். லுக் ஃபார், காணாமப் போனா தேடுறது, காலு வேணும். லுக் ஆஃப்டர், நீ முழுசா வேணும்.” அதற்குப் பிறகு நான் அகராதியைத் திறந்து பார்க்கவில்லை.

வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டி, “ஹூ லுக்ஸ் ஆஃப்டர் ஹர்?” என்று கேட்பார். வீட்டில் யார் என்பது கேள்வி. தாய் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறாள், தகப்பன் பாலை ஷீட்டாக்குகிற ஸ்டோரில், பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா சோறு ஊட்டுகிறாள். ஆகவே நான் “எல்லாரும் பாத்துக்கிறாங்க மிஸ்” என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“எல்லாரும் சொன்னா ஒருத்தரும் இல்ல. ஒரு பேர் குடு.”

பதிவுப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் தூக்கம் கெடுமோ அவருடைய பெயர். அதை மட்டும் விசாரித்து எழுத எனக்குச் சில வீடுகளில் ஒரு வாரம் கூடப் போயிருக்கிறது.

பிற்பாடு அதே இரண்டு சொல்லை எத்தனையோ வாயில் கேட்டேன். மாற்றலாகிப் போகிற துரை, வருகிற துரையிடம் தோட்டத்தை லுக் ஆஃப்டர் பண்ணச் சொல்லிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறுவார். அவிசாவளையிலிருந்து வந்த வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்ட், வீட்டு வேலைக்குப் பெண்கள் சேர்த்துக் கொடுத்தால் “உங்களையும் லுக் ஆஃப்டர் பண்ணுவோம் டீச்சர்” என்று தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். அவனை மடுவத்து விளக்குமாற்றோடு வழியனுப்பினேன். ஷீலா மிஸ் ஓய்வு பெற்றுப் போன அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப், யோகா” என்றார். அப்படி ஒருத்தர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. குடையை எடுத்து நீட்டினேன். அவர் போன பிறகு எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை வந்தால் நான் மட்டும் கொஞ்ச காலம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் விட்டுப்போன ஒரு ஒழுங்கைக் கடைசிவரை நான் மாற்றவில்லை. புதுப் பிள்ளை வந்தால் ஒரு வாரம் என்பது அந்த ஒழுங்கு. முதல் நாள் தாய், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மடுவத்தின் நடுவில் உட்கார வேண்டும். இரண்டாம் நாள் சுவரோரம். மூன்றாம் நாள் வாசலில். நான்காம் நாள் வெளியே, ஆள் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். ஐந்தாம் நாள் ஒரு மணித்தியாலம் போய்விட்டு வர வேண்டும். தொட்டில் கட்டுவதற்கு அவள் உடுத்திய சேலையைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும். அந்த வாரம் தாய்க்கு மடுவத்துக்குப் பக்கத்திலேயே புல்வெட்டு வேலை கொடுக்கச் சொல்லி, மிஸ் துரையோடு சண்டை பிடித்து வாங்கிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. பிள்ளையின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போகக் கூடாது. அழுதாலும் பரவாயில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த விதியை நான் ஒரு தடவை மீறினேன். கலாவின் பிள்ளைக்கு.

கலா பால் வெட்டுகிறவள். வாயாடாத பெண். புருஷன் சுரேஷ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான், மாதத்துக்கு ஒரு தடவை வந்துபோவான். மகள் தர்சினிக்கு அப்போது இரண்டரை வயது. அந்த மாரி மழையில் அவர்களுடைய லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து சமையல்கட்டுச் சுவரில் வந்து நின்றது. இனி அங்கே இருக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. சொந்தமாக ஒரு துண்டுக் காணி, இரண்டு அறையில் ஒரு வீடு, மழைக்குப் பயப்படாமல் பிள்ளையைப் படுக்க வைக்க ஓர் இடம். அதற்காகக் கலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்தாள். இரண்டு வருட ஒப்பந்தம். ஒரு வீட்டுக் குழந்தையையும் ஒரு கிழவியையும் லுக் ஆஃப்டர் பண்ணுவது வேலை என்று அவளுடைய தாளில் இருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“அப்போ நம்ம புள்ளைய?” என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அதக் கேக்கத்தான்க்கா வந்தேன். எங்கம்மாவும் இல்ல. மாமியாளுக்குக் கண்ணு தெரியல. அவருக்குக் கொழும்புல கட வேல. புள்ளைக்குப் பொறுப்புன்னு பாரத்துல யாரு பேர எழுதுறதுன்னு கேக்குறாங்க.”

எனக்குப் பிள்ளையில்லை. முப்பது வருடமாகக் காலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை வாங்கி, பின்னேரம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் போன பிறகு மடுவத்தைக் கூட்டிப் பூட்டுகிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எப்போதும் ஆகாது. கலா கேட்டபோது, அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் சரி என்றேன் என்று தோட்டமே என்னைப் புகழ்ந்தது. அதில் பாதிதான் உண்மை. ஒரு பிள்ளை பின்னேரம் திரும்பிப் போகாமல் என்னோடு வீட்டுக்கு வரும் என்ற ஆசை மீதிப் பாதி.

கிராம சேவகரும் இன்னொரு உத்தியோகத்தரும் விசாரிக்க வந்தார்கள். “லமயா பலாகன்னே கவுத?” என்று கிராம சேவகர் சிங்களத்தில் கேட்டார். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற அதே கேள்வி. “மம” என்றேன். நான். கையெழுத்தும் போட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் மாணிக்கம் நின்றார். அவர் ரப்பர் ஸ்டோரில், ஷீட்டைப் புகையில் காயவைக்கிற புகைக்கூட்டில் வேலை செய்தவர். அவர்கள் போன பிறகு மெதுவாகச் சொன்னார். “பாத்துக்க, வேணாங்கல. ரப்பர் பாலு மாதிரி ஒட்டிக்கிடாத. பிய்க்கிறப்ப தோலும் சேந்து வரும்.”

கலா புறப்பட்ட காலையில் வேன் கீழே நின்று ஹார்ன் அடித்தது. தர்சினி என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப் போனேன். கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுப்பாதீங்கக்கா. முழிச்சு ஒரு பார்வ பாத்தாள்னா நான் போகமாட்டேன்.” எழுப்பியிருக்க வேண்டும். முப்பது வருடம் மற்றத் தாய்மாரை அதட்டி அதட்டிச் சொன்னவள் நான். வாய்மூடி நின்றேன். அவள் போனாள்.

தர்சினி எழும்பி, கட்டிலுக்கு அடியில் தேடினாள், கதவுக்குப் பின்னால் தேடினாள், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். மூன்று நாள் அந்தத் தேடல். நான்காம் நாள் நிறுத்திவிட்டாள். அது தேடலைவிடப் பயங்கரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கலா போனில் வருவாள். அவளுடைய எசமானி தூங்குகிற நேரம் அது. ஆரம்பத்தில் தாயின் முகத்தைப் போனில் பார்த்தால் தர்சினி இரண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாள், தூக்கத்தில் விம்முவாள். ஒரு வெள்ளிக்கிழமை போன் அடித்தபோது பிள்ளை வாசலில் மாணிக்கத்தோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. “தூங்குது கலா” என்றேன். போனின் முகத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்த முதல் பொய் பிள்ளைக்காக. சில மாதத்தில் பிள்ளை அழுவதை விட்டுவிட்டாள். பொய் மட்டும் நிற்கவில்லை. ஏனென்றால் அதற்குள் தர்சினி என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். நான் திருத்தவில்லை. குவைத்திலிருந்து இன்னொரு அம்மா வந்து முகம் காட்டுவது எனக்கு ஆகவில்லை. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை பிள்ளை தூங்கினாள், என் வாயில். கலா ஒரு நாளும் எழுப்பச் சொன்னதில்லை. போனை வைப்பதுமில்லை. என் முட்டி வலி எப்படி, மாணிக்கம் அண்ணனுக்கு இருமல் எப்படி, ஸ்டோர்ப் பக்கத்து மாமரம் காய்த்ததா என்று இழுத்து இழுத்து விசாரிப்பாள். முன்பெல்லாம் நாலு வார்த்தை பேசாதவள், வெளிநாடு போய் வாய் வளர்த்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் முடிந்து அவள் வந்துவிட்டாள். வீட்டுக்கு அத்திவாரம் போட்டு, சுவரும் எழும்பியிருந்தது. அதுவரைக்கும் கீழ் லயத்தில் ஒரு காம்பரா கிடைத்தது. பெரிய பையோடு என் வாசலில் வந்து நின்றாள். தர்சினி என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அம்மா வந்திருக்கேன் பாரு” என்றாள் கலா.

பிள்ளை என் இடுப்பை இன்னும் இறுக்கிக்கொண்டு, “நீதானே அம்மா?” என்று என்னைக் கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது. பிறகுதான் கலாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. பைக்குள்ளிருந்து எடுத்த பொம்மையைத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “இருக்கட்டும்க்கா. இன்னிக்கு ஒங்ககிட்டவே இருக்கட்டும்” என்றாள். அவள் படி இறங்கிப் போன விதத்தைக் கண்டதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள் காலையில் தர்சினியைக் கூட்டிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன். கலாவிடம் சொன்னேன். “புதுப் புள்ளைக்கு மடுவத்துல என்னா செய்வோம்? ஒரு வாரம். அதையேதான் செய்யப்போறோம். தாய் எடத்துல நான் ஒக்காந்துக்கிறேன்.”

முதல் நாள் அவளுடைய காம்பராவின் நடுவில், பாயில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கலா அடுப்பில் ரொட்டி சுட்டாள், எங்களைப் பார்க்காத மாதிரி. இரண்டாம் நாள் சுவரோரம். அன்று அவள் கொடுத்த ரொட்டியைப் பிள்ளை வாங்கினாள். மூன்றாம் நாள் வாசலில் உட்கார்ந்தேன். நான்காம் நாள் வெளியே, உள்ளிருந்து பார்த்தால் தெரியாத படியில் உட்கார்ந்து, சத்தமாகக் கலாவோடு பேசிக்கொண்டிருந்தேன். என் பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் பாயில் விரித்துக் கொடுத்திருந்தேன். ஐந்தாம் நாள், “நான் கடைக்குப் போறேன் கண்ணு” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கத்தினாள். திரும்பிப் பார்க்காமல் ரோடு வரைக்கும் போய், அங்கே ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை தாய்மாரைப் பார்த்து, “அழாம போ, ஒண்ணும் ஆகாது” என்று அதட்டியிருக்கிறேன். அவர்களிடமெல்லாம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

இப்போது தர்சினி முன்பள்ளிக்குப் போகிறாள். காலையில் தாயும் மகளும் என் வீட்டைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போவார்கள். சரியாக அந்த நேரத்துக்குக் காயப்போட எனக்குத் துணி இருக்கும். துவைக்காத நாளிலும் இருக்கும். மாணிக்கத்துக்குத் தெரியும், கேட்க மாட்டார். பிள்ளை கையை ஆட்டுவாள். அவ்வளவுதான். அந்தக் கையாட்டலை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டிவிடுவேன். ஓடாத நாளும் இருக்கிறது.

அந்தப் புதுப் பெண் கேட்ட கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட மீதி, ஆறாம் நாள் நடந்ததுதான். மத்தியானம். உள்ளே தர்சினி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள், உண்மையாகவே. கலாவும் நானும் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தோம். இனியும் மூடி வைக்க என்னால் முடியவில்லை.

“கலா, வெள்ளிக்கெழம நீ போன் பண்றப்ப, தூங்குதுன்னு சொல்வேன்ல. பாதி நாளு தூங்கல. நான் பொய் சொன்னேன்.”

“தெரியும்க்கா.”

அவள் குரலில் கோபமில்லை. கையிலிருந்த ஈர்க்குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

“பின்னுக்கு அவ சத்தம் கேக்கும். மாணிக்கம் அண்ணனோட சிரிப்பா. ஒரு நாளு பாட்டு கூட பாடுனா. அதக் கேக்கத்தான் நான் போன வைக்காம ஒங்க முட்டி வலியக் கேப்பேன், மாமரத்தக் கேப்பேன். நீங்க வச்சிருவீங்களோன்னு பயந்து பயந்து பேசுவேன்.”

 “ஏன் கேக்கல? ஒரு நாளாச்சும் என்னைய ஏசியிருக்கலாமே” என்றேன்.

“ஒங்கள ஏசிட்டு, அவள யாருகிட்ட பாத்துக்கச் சொல்றது?”

அப்போது உள்ளே பாய் சரசரத்தது. தூக்கம் கலைந்த குரலில் பிள்ளை கூப்பிட்டாள்.

“அம்மா!”

இரண்டு பேரும் ஒன்றாக எழுந்துவிட்டோம். கலா அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் திரும்பப் படியில் உட்கார்ந்தேன்.